திருமோகூர் வாசலில் தொடங்குங்கள்

ஒத்தக்கடை, நரசிங்கம், திருமோகூர், மேலூர் வட்டாரப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,



விடுதலைப் போராட்டப் பாடத்தை இந்த முறை வகுப்பறைக்குள் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். ஒரு நாள் காலையில் பிள்ளைகளைத் திருமோகூர் காளமேகப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை விட்டுத் திருவாதவூர் ரோட்டில் திரும்பினால் சில கிலோமீட்டர்தான். உங்கள் பிள்ளைகளில் பலர் பரீட்சைக்கு முன்னால் அங்கே சக்கரத்தாழ்வாரைச் சுற்றி வந்தவர்களாக இருப்பார்கள். ஆழ்வார்கள் பாடிய தலம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கோயில் கதவை எரிக்க ஒரு கிழக்கிந்தியக் கும்பெனிக் கர்னல் தானே வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் என்பது தெரிந்திருக்காது.

1755-ஆம் ஆண்டின் தொடக்கம். தெற்கத்திப் பாளையங்கள் கட்டாமல் நிறுத்திய கப்பத்தை ஆற்காட்டு நவாப் முகமது அலிக்கு வசூலித்துக் கொடுக்கக் கும்பெனி ஒரு படையை அனுப்பியது. தலைவர் கர்னல் அலெக்ஸாண்டர் ஹெரான். 500 ஐரோப்பியர், 2,000 சிப்பாய்கள். நவாபின் அண்ணன் மாபூஸ் கான் தன் குதிரைப் படையோடு கூட வந்தார். சிப்பாய்களுக்குத் தளபதி யூசுப் கான். பின்னாளில் கான் சாகிபு என்றும் மருதநாயகம் என்றும் நாம் அறியும் அதே மனிதர். மதுரைக் கோட்டை சண்டையில்லாமல் அவர்கள் கைக்கு வந்தது. அங்கே அதிகாரம் செய்துகொண்டிருந்த மியானா கிழக்கே ஓடி, கோட்டை போல் மதில் எடுத்த ஒரு கோயிலுக்குள் புகுந்துகொண்டார். கும்பெனிப் போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் அந்த இடத்தைக் கோவில்குடி என்று குறிக்கிறார். அது திருமோகூர்தான் என்பது மதுரை வரலாறு எழுதியவர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட முடிவு.

ஹெரான் காத்திருக்கவில்லை. வைக்கோல் கட்டோடு அவரே முன்னால் ஓட, யூசுப் கான் பின்னால் ஓட, கதவு எரிந்து விழுந்தது. உள்ளே புகுந்த படை கோயிலைச் சூறையாடியது. சிறிய உலோகத் திருமேனிகள் பலவற்றையும் வாரி எடுத்துக்கொண்டது. சுற்றுவட்டாரக் கள்ளர் ஊர்கள் கும்பிட்ட சாமிகள் அவை. திருப்பித் தர வேண்டுமானால் 5,000 ரூபாய் வேண்டும் என்றார் ஹெரான். பணம் வரவில்லை. சாமிகள் படையின் சாமான்களோடு சாமான்களாகக் கட்டப்பட்டன.

பிறகு அந்தப் படை திருநெல்வேலிப் பக்கம் போனது. நெற்கட்டான்செவலில் பூலித்தேவரிடம் கப்பம் கேட்டுக் கிடைக்காமல் திரும்பிய கதை உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் ஹெரான் என்ற பெயரைப் பார்க்கும் ஒத்தக்கடைப் பிள்ளைக்கு, அந்த ஆள் தன் வீட்டுக்குப் பக்கத்திலும் வந்துபோனவர் என்று யாராவது சொல்ல வேண்டாமா? மதுரைச் சீமையையும் திருநெல்வேலிச் சீமையையும் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ் கானுக்கே குத்தகைக்கு விட்டுவிட்டு, மே மாதக் கடைசியில் ஹெரான் நத்தம் கணவாய் வழியாகத் திருச்சிக்குப் புறப்பட்டார். அந்தக் குறுகிய காட்டுப் பாதையில் கள்ளர்கள் காத்திருந்தார்கள். படை நீளமாகப் பிரிந்து, வண்டிகள் நகர முடியாமல் நின்ற நேரத்தில் பின்பகுதி மேல் பாய்ந்தார்கள். சாமான்களைக் கிளறித் தங்கள் திருமேனிகளைக் கண்டதும் "சாமி! சாமி!" என்று அவர்கள் போட்ட கூச்சலை ஓர்ம் பதிந்து வைத்திருக்கிறார். கள்ளர்கள் மேல் கனிவு எதுவும் இல்லாத எழுத்து அவருடையது. அவரும் அந்தக் குரலை விட்டுவிடவில்லை.

ஹெரான் சென்னையில் இராணுவ விசாரணைக்கு நிறுத்தப்பட்டு வேலையை இழந்தார். டச்சுக்காரர்களின் நாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். கையூட்டும் அவர் விட்ட குத்தகையும்தான் கும்பெனியின் வழக்கு. கோயில் அந்த வழக்கின் மையமாக இருக்கவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு வாசலில் நிறுத்திப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: நத்தம் கணவாயில் கள்ளர்கள் இந்தியாவுக்காகவா சண்டை போட்டார்கள்?

இந்தக் கேள்வியில் உங்களைக் கொஞ்சம் பொறுமையாக நிற்கச் சொல்கிறேன். "ஆமாம்" என்று பாதிக் கைகள் உயரும். பிள்ளைகளின் ஆசை அது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் உண்மை வேறு. அவர்கள் தங்கள் சாமிகளுக்காகவும் தங்கள் ஊர்களின் மானத்துக்காகவும் சண்டை போட்டார்கள். அது பெரிய காரியம். அதைப் பெரிய காரியம் என்று சொல்ல "இந்தியா" என்ற பெயரை இரவல் வாங்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். 500 ஐரோப்பியரோடு வந்த சிப்பாய்கள் 2,000 பேர். ஐந்தில் நான்கு பேர் இந்த மண்ணின் ஆட்கள். திருமோகூர் கதவு எரிந்தபோது அவர்களில் யாருக்கும் தன் நாட்டைக் காட்டிக்கொடுக்கிறோம் என்ற நினைப்பு இருந்திருக்க வழியில்லை. மாதச் சம்பளம் தவறாமல் வந்த வேலை அது. எரிந்தது வேறு ஊர்க் கோயில்.

வேறு ஊர்க் கோயில் எரிந்தால் எனக்கென்ன என்ற அந்த மனநிலையில்தான் கும்பெனி நம்மை ஜெயித்தது. பீரங்கிக்கு அதில் பங்கு உண்டு. கணக்குப் புத்தகத்துக்கும் உண்டு. ஆனால் ஒரு சீமையின் வலி பக்கத்துச் சீமைக்குக் கேட்காமல் இருந்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த பெரிய சீதனம். ஒருவனின் வலி இன்னொருவனுக்குக் கேட்கத் தொடங்கிய கதையைத்தான் நாம் தேசிய இயக்கம் என்று படிக்கிறோம். அந்தக் கதையை 1885-இல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் தொடங்கினால் பிள்ளைக்கு அது யாரோ செய்த காரியம். இந்த வாசலில் தொடங்கினால், எங்கே கேட்கவில்லை, எப்போது கேட்கத் தொடங்கியது, இன்னும் எங்கே கேட்கவில்லை என்று அவனே தடம் பிடித்துப் போக முடியும்.

அதே யூசுப் கானை எடுத்துக்கொள்ளுங்கள். பனையூரில் பிறந்தவர், கும்பெனிக்காக இந்தச் சீமையை அடக்கியவர், பிறகு மதுரையைத் தன் பொறுப்பில் ஆண்டவர். நவாபோடும் கும்பெனியோடும் முறுக்கிக்கொண்டு மதுரைக் கோட்டைக்குள்ளிருந்து அவர்களை எதிர்த்தார். கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ஆம் தேதி மதுரைக்கு மேற்கே தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கம் இருக்கிறது. அவர் வீரரா துரோகியா என்று ஒரு மதிப்பெண் வினா வைத்துவிடாதீர்கள். திருமோகூர்க் கதவை எரித்த கையும் கும்பெனியை எதிர்த்த கையும் ஒன்றே என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளையால் தாங்கிக்கொள்ள முடியும். நாம் நினைப்பதை விட நன்றாகவே முடியும்.

யூசுப் கான் போன பின் மேலூர்ச் சீமையில் நடந்ததைச் சொல்ல எனக்கே கை தயங்குகிறது. வரி கட்ட மறுத்த கள்ளர் ஊர்களை அடக்க 1767 வாக்கில் கேப்டன் ரம்லி அனுப்பப்பட்டார். மேலூருக்கு அருகே வெள்ளாளப்பட்டியை வளைத்துத் தீ வைத்தார்கள். ஆண், பெண், குழந்தை என்று 3,000 பேர் வரை அதில் செத்தார்கள் என்று பிற்காலக் கும்பெனிக் குறிப்புகளே சொல்கின்றன. அந்தப் பயங்கரத்துக்குப் பிறகு மக்கள் அவரை "ரம்லிசாமி" என்று அழைத்தார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜாலியன்வாலாபாக்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிந்த மேலூர்ப் பிள்ளைக்கு வெள்ளாளப்பட்டி தெரியாமல் போவது அந்தப் பிள்ளையின் குறை இல்லை. மேலூர்ப் பள்ளிகளில் இருக்கும் ஆசிரியர்களிடம் இதைத் தனியாகவே கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊரின் பெயரை வகுப்பில் ஒரு முறையாவது சொல்லுங்கள்.

இனிப் பிள்ளைகளைக் கோயிலுக்குள் அழைத்துப் போகலாம். கம்பத்தடி மண்டபத் தூண்களில் மருது சகோதரர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். பெரிய மருது, சின்ன மருது. இந்த மண்டபம் அவர்கள் திருப்பணி. கும்பெனி கொள்ளையடித்த அதே கோயிலில், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் கும்பெனியோடு மோதி உயிர் விட்டவர்கள் கல்லாக நிற்பதை எத்தனை மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பார்க்கக் கிடைக்கும்?

1801 ஜூன் 16-ஆம் தேதி சின்ன மருதுவின் அறிக்கை ஒன்று திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டப்பட்டது. உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. பெரும்பாலும் தேதியோடு தாண்டிப் போகிற இடம். தயவுசெய்து அங்கே ஒரு பீரியட் முழுக்க நில்லுங்கள். யாரை நோக்கி அது பேசுகிறது என்று பாருங்கள். சிவகங்கைச் சீமைக்காரர்களை மட்டும் அது அழைக்கவில்லை. ஜம்புத் தீவில் வாழும் எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் சேர்த்து அழைக்கிறது. ஐரோப்பியர் இந்த மண்ணில் எப்படிக் கால் ஊன்றினார்கள், நவாப் எப்படி இடம் கொடுத்தார், நாம் ஒருவருக்கொருவர் பகையாக இருந்ததை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று காரணம் சொல்லிப் பேசுகிறது. நத்தம் கணவாயில் எழுந்த கூச்சலுக்கும் இந்தச் சுவரொட்டிக்கும் நடுவில் 46 ஆண்டு. என் சாமியைத் திருடினான் என்ற கோபம், நம் எல்லோரையும் பிரித்து ஆள்கிறான் என்ற அறிவாக வளர எடுத்த காலம் அது. தேசியம் என்ற பயிர் முளை விட்ட இடங்களில் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அந்தச் சுவரைத்தான் காட்டுவேன்.

முளைதான், மரமாகிவிடவில்லை. புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரமும் கும்பெனிப் பக்கம் நின்றார்கள். அக்டோபர் 24-ஆம் தேதி மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அதே 1801-இல்தான் கர்நாடகம் முழுதும் உடன்படிக்கை மூலம் கும்பெனி கைக்குப் போனது.

இந்த இடத்தில், ஆசிரியர்களே, உங்களிடம் மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. எல்லாச் சாதியாரையும் அழைத்த அந்த மருதிருவரின் படத்தை இன்று நம் ரோட்டில் எங்கே பார்க்கிறோம்? ஒரு சாதிக்காரர்கள் வைத்த ஃப்ளெக்ஸில். பூலித்தேவருக்கு ஒரு சாதி, கட்டபொம்மனுக்கு ஒரு சாதி, சுந்தரலிங்கத்துக்கு ஒரு சாதி, அழகுமுத்துக்கோனுக்கு ஒரு சாதி. நத்தம் கணவாய் ஒரு சாதியின் பெருமை. அதைச் சொன்னால் பக்கத்துப் பெஞ்சுப் பையன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். குருபூஜை நாளில் எந்த வண்டி எந்த ஊர் வழியாகப் போக வேண்டும் என்று போலீஸ் வரைபடம் போட்டுக் காவல் நிற்கிறது. மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறத்தை வைத்து வகுப்பறைக்குள் பிள்ளைகள் பிரிந்து உட்காருகிறார்கள். 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அந்த அறிக்கை கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு போன்ற சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடுக்கச் சொல்கிறது. தடுப்பது நல்லதே. ஆனால் கயிற்றைக் கழற்றிய கைக்கு வேறு என்ன கொடுக்கப் போகிறோம்? அந்த வேலை தலைமையாசிரியர் சுற்றறிக்கையால் நடக்காது. வரலாறு நடத்துகிற உங்களால்தான் நடக்கும்.

நான் சொல்லும் வழி எளிதானது. இந்த மனிதர்களைத் தனித்தனியாக நடத்தாதீர்கள். ஒரே பாடமாக, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்ததாக நடத்துங்கள்.

அடுத்த இடம் எங்கள் வயல்கள். திருமோகூரிலிருந்து திரும்பும்போது பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனம் பிள்ளைகளின் கண்ணில் படும். "அப்படியென்றால் பென்னிகுயிக்கும் வெள்ளைக்காரர்தானே, அவர் நல்லவரா கெட்டவரா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. மழுப்பக் கூடாது. 1876 தொடங்கி வந்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். 1887-இல் தொடங்கி 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால்தான் மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. மேலூர் மண்ணில் நெல் விளைந்தது. பென்னிகுயிக்கின் உழைப்புக்குத் தேனி, கம்பம் மக்கள் காட்டும் நன்றி நியாயமானது. அன்றைய வெள்ளையர் அரசு அந்தத் தண்ணீருக்கு வரி வாங்கியது என்பதும், பஞ்ச காலத்திலும் நிலவரியை விடாமல் கேட்டது என்பதும் அதே அளவு உண்மை. அணையின் பெயரால் ஆட்சியை வாழ்த்த வேண்டாம்; ஆட்சியின் பெயரால் அணையைப் பழிக்கவும் வேண்டாம். நல்ல பொறியாளர் ஒருவர் நம் நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தாலும், எந்த நிலத்துக்கு எப்போது எவ்வளவு என்று முடிவு செய்யும் அதிகாரம் அன்று நமக்கு இருக்கவில்லை. தாதாபாய் நௌரோஜி கணக்குப் போட்டுச் சொன்ன செல்வச் சுரண்டல் பாடத்தை இந்தக் கால்வாய்க் கரையில் நடத்தினால் ஒரு தடவையில் புரியும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். இதே தண்ணீரைத் தேக்கும் வைகை அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டபோது மாநிலத்தின் பொதுப்பணித் துறை அமைச்சர் பி. கக்கன். மேலூருக்கு அருகே தும்பைப்பட்டியில் 1908-இல் பிறந்தவர். பென்னிகுயிக்கைத் தெரிந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கக்கனைத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

கக்கனுக்கு வருமுன் மேற்கே ஒரு எட்டு போய்வர வேண்டும். 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிறமலைக் கள்ளர்கள் மேல் ஏவினார்கள். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். பிறந்த குடும்பத்தைக் காரணம் காட்டி ஆண்களின் கைரேகையைப் பதிய வேண்டும். இரவில் போலீஸ் கண் முன்னால் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. செத்தவர்கள் 16 பேர். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த மாயக்காளும் அதில் ஒருவர்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன அந்த வலி கேட்பது நடக்கிறது. செங்கன்னூரில் பிறந்த மலையாளி, கிறிஸ்தவர், லண்டனில் படித்த வக்கீல் ஜார்ஜ் ஜோசப் மதுரையில் இருந்தார். கள்ளர்களுக்கும் அவருக்கும் மொழியும் மதமும் சாதியும் ஒட்டாது. அவர்தான் அந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதினார், வாதாடினார். ஹார்வி மில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைப்பதிலும் முன்னால் நின்றார். கிராமத்து மக்கள் அவருக்கு "ரோசாப்பூ துரை" என்று பெயர் வைத்தார்கள். 1938-இல் மதுரையில்தான் இறந்தார். பெருங்காமநல்லூருக்கு அடுத்த ஆண்டு, 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி அரையாடைக்கு மாறினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதையும் இதையும் ஒரே பாடத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். தெருவில் பார்த்த ஏழையின் உடம்பைத் தன் உடம்பாக எண்ணிய மனிதரும், ரேகைச் சட்டத்தில் மாட்டியவனின் வழக்கைத் தன் வழக்காக எண்ணிய மனிதரும் அடுத்தடுத்து இந்த ஒரே ஊரில் இருந்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தை ஒழிக்க முத்துராமலிங்கத் தேவரும் பி. ராமமூர்த்தியும் ஜானகி அம்மாளும் போராடினார்கள். ஒருவர் ஃபார்வர்டு பிளாக், மற்ற இருவரும் கம்யூனிஸ்டுகள். வெள்ளையர் போகும் தறுவாயில், 1947 ஜூன் 5-ஆம் தேதி, சென்னை மாகாணத்தில் அது ரத்தானது.

இப்போது கக்கன். பட்டியல் சமூகத்தில் பிறந்தவர், ஊர்க்கோயில் பூசாரியின் மகன். 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை வைத்தியநாதய்யர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போன சிறு குழுவில் அவரும் இருந்தார். கும்பெனி எரித்த கோயில் கதவைப் பற்றிப் பேசிவிட்டு வரும் பிள்ளைக்கு இந்த இடம் உறைக்க வேண்டும். ஹெரான் எரித்த கதவு ஒன்று. நம்மவர்களே நம்மவர்களுக்குப் பூட்டி வைத்திருந்த கதவு இன்னொன்று. அது 1939 வரை திறக்கவில்லை. அதைத் திறக்காமல் எழுந்திருக்கக் கூடிய தேசியம் அரைகுறைத் தேசியம். கக்கன் 1942 போராட்டத்தில் சிறை போனார். அலிப்புரம் முகாமில் இருந்தார். பிறகு அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினரானார். நாட்டின் அரசியலமைப்பை எழுதிய அவையில் தும்பைப்பட்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேலூர் பஸ்ஸில் பள்ளிக்கு வரும் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்டு நிமிர்ந்து உட்காரும். பத்தாண்டு அமைச்சராக இருந்தும் சொத்துச் சேர்க்காமல், 1981-இல் எளிய மனிதராக இறந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழைய கதையாகத் தோன்றும் என்று நீங்கள் தயங்கலாம். அவர்கள் கண்ணால் பார்த்த ஒன்று இருக்கிறது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. பல ஊர்கள் கிராமசபையில் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் ஆண்களும் பெண்களும் நடந்தார்கள். நம் மேலூர் ரோட்டில்தான். அதே மாதம் 23-ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தக் கூட்டத்தில் நடந்த ஊர்களின் சாதிகளைக் கணக்கெடுத்தால் நம் குருபூஜைக் காலண்டர் முழுவதும் அதில் இருந்தது. சுரங்க எல்லைக்குள் வராத ஊர்க்காரர்களும் நடந்தார்கள். ஏன் நடந்தார்கள் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் அன்று தாத்தாவோடோ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டோ நடந்த பிள்ளை நிச்சயம் ஒன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளைக்கு 1801 அறிக்கையை நீங்கள் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையே உங்களுக்கு விளக்கும்.

நடைமுறைக்கு வருகிறேன். கோயில் நடை நண்பகலில் சாத்திவிடுவார்கள். காலையில் போவது நல்லது. மருது சிலைகளைக் காட்டிப் பேச அனுமதி வேண்டுமென்று கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேற்று மதத்துப் பிள்ளைகள் வெளிப் பிராகாரத்தில் ஒதுங்கி நிற்கும்படி ஆகிவிடக் கூடாது. அதற்காகவே 1755-ஐ வாசலிலும், மருதிருவரை மண்டபத்திலும், மற்றதை எல்லாம் வெளியே மரத்தடியிலும் பேசும்படி பிரித்துக்கொள்ளுங்கள். யூசுப் கானையும் ஜார்ஜ் ஜோசப்பையும் பற்றிப் பேசும் நாளில் அந்தப் பிள்ளைகள் கூட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லும் பயிற்சி கொடுத்தால், "உங்கள் ஆட்களில் யார் போராடினார்கள்" என்று கேட்க விடாதீர்கள். "நம் ஊரில் யார் யாருக்காகப் போராடினார்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். வரும் பதில்களில் சாதிப் பெயர் இருந்தால் அதைத் திருத்தித் திட்ட வேண்டாம். அடுத்த ஊர்ப் பெயரையும் அதன் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பரீட்சைக்குப் பாடம் முடியாது என்ற கவலை உங்களுக்கு இருக்கும். ஒரு காலைப் பொழுதும் நாலு பீரியடும் போதும். புத்தகத்தில் உள்ள ஹெரான், பூலித்தேவர், மருது அறிக்கை, காந்தி எல்லாமே இந்த வழியில் வந்துவிடும்.

நடக்க முடிகிறவரை நானும் கூட வரத் தயார். பள்ளி வாகனம் கிடைக்காவிட்டால் நரசிங்கத்திலிருந்து ஆட்டோ ஏற்பாடு செய்ய ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்; பெற்றோர் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் செலவைப் பகிர்ந்துகொள்ளவும் முன்வருவார்கள். எந்தப் பள்ளி முதலில் போகப் போகிறது என்பதை உங்களுக்குள் பேசி முடிவு செய்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
யானைமலை அடிவாரத்தில் குடியிருக்கும் ஒரு பெரியவர்,
ஒத்தக்கடை